சாக்கு சொல்லக் கூடாது

மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் அந்தக் கேள்வியைச் சேர்த்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. பெயர் கேட்கிறான், சரி. மதிப்பெண் கேட்கிறான், சரி. வேதியியலில் ஒரு பருவம் மட்டும் ஏன் வழுக்கினாய் என்று கேட்கிறான், அதுவும் நியாயம்தான். இப்படி எல்லாவற்றையும் கேட்டு முடித்து, ஆளை எழுந்து போகவிட்டு, வாசல்படி தாண்டும்போது முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிடுகிறான்: "நீங்கள் எப்போதாவது சிறுகுற்றம் எதற்காகவேனும் தண்டிக்கப்பட்டதுண்டா?" கீழே இரண்டு கட்டம். ஆம், இல்லை.

மாரித் ஹெக்லண்ட் 'ஆம்' என்ற கட்டத்தை அமுக்கினாள்.

அவளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. மின்னசோட்டாவின் வடகோடியில், டாமரக் என்ற எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு வேறு எந்தக் கட்டத்தை அமுக்கத் தெரியும்? எங்கள் ஜனம் விசித்திரமான ஜனம். ஒருவர் காலை இன்னொருவர் மிதித்துவிட்டால் மிதிபட்டவர்தான் முதலில் மன்னிப்புக் கேட்பார். மளிகைக் கடைக் கதவு நெற்றியில் இடித்தால் கதவிடம் 'சாரி' சொல்லிவிட்டுத்தான் நெற்றியைத் தடவுவார்கள். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்? மாரித்தின் மடியில் கனம் இருந்தது என்னவோ உண்மை. ஆனால் அது வெட்கப்பட வேண்டிய கனம் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அவள் செய்த குற்றம் இதுதான். குளிர்காலத்தில் எங்கள் ஏரி கல்லாக உறைந்துவிடும். ஊரே மரக்குடிசைகளைச் சறுக்குக் கட்டைமேல் ஏற்றி ஏரி நடுவில் கொண்டுபோய் நிறுத்தி, பனிக்கட்டியில் ஓட்டை போட்டு, அடுப்பை மூட்டிக்கொண்டு மீன் பிடிக்கும். மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அரசாங்கம் கெடு வைக்கும். அன்று நள்ளிரவுக்குள் எல்லாக் குடிசையும் கரையேறிவிட வேண்டும். மாரித்தின் குடிசை ஏறவில்லை.

ஏறாததற்குக் காரணம் அடுத்த வீட்டு ஆர்விட் கொஸ்கி. இரும்புச் சுரங்கத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்து தனியாக இருப்பவர், வானிலையைத் தவிர வேறெதையும் அதிகம் பேசாதவர். அன்று குடிசையை டிரக்கில் கட்ட ஒத்தாசைக்கு வந்தார். சங்கிலியைக் கையில் எடுத்தவர் அப்படியே கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் உட்கார்ந்தார். முகம் சாம்பல் பூத்துப் போயிருந்தது.

"என்ன ஆச்சு ஆர்விட்?"

"ஒண்ணுமில்ல. நெஞ்சுல ஒரு ஆள் ஏறி உக்காந்த மாதிரி இருக்கு. நீ வேலையை முடி புள்ள. எனக்காக நிறுத்தாத."

மாரித் சங்கிலியை வீசிவிட்டு அவரை டிரக்கில் ஏற்றினாள். எங்கள் ஊரிலும் ஒரு காலத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. அந்தக் கட்டடத்தில் இப்போது தூண்டில் புழு விற்கிறார்கள். ஆகவே தூரத்து நகரமான டுலூத் வரைக்கும் ஓட்டினாள். வழி நெடுக அவர் இருக்கையை அழுக்காக்கிவிட்டேனே என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆளே இல்லை என்று டாக்டர் சொன்னார். பார்த்துக்கொள்ள வேறு நாதியில்லை என்பதால் மாரித்தே சில நாள் கூட இருந்தாள். திரும்பி வந்தபோது நல்ல வெயிலடித்து, ஏரி இளகி, குடிசை கூரை வரைக்கும் முழுகிக் கிடந்தது. சுவரில் உரிமையாளர் பெயரைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்பது சட்டம். அவளும் சட்டப்படிச் சிவப்பில் எழுதியிருந்தாள். தண்ணீருக்குள்ளிருந்து அது பளிச்சென்று தெரிந்தது.

மீன்பிடிக் காவலர் டுவைட் அபராத டிக்கெட்டை நீட்டும்போதே சாரி சொன்னார். வாங்கும்போது அவளும் சாரி சொன்னாள். அபராதத்தைக் கட்டினாள். அன்று டுலூத் ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்திருந்தபோதுதான், படித்து டாக்டராகி அந்தப் புழுக்கடையைக் காலி பண்ணவைத்து அங்கேயே வைத்தியம் பார்க்க வேண்டும் என்ற நினைப்பு அவளுக்கு வந்தது. அடுத்தடுத்த வருஷங்களில் அந்த நினைப்பு ஆசையாகி, ஆசை வெறியாகி, கல்லூரியில் விழுந்து விழுந்து படித்தாள். இப்போது கேள்வி ஒன்றுதான். இடம் கிடைக்குமா, கிடைக்காதா?

கல்லூரியில் விண்ணப்பங்களைத் திருத்திக் கொடுப்பதற்கென்றே ஓர் ஆலோசகர் இருந்தார். டாரல் ஃபிங்க் என்று பெயர். மாரித் தன் குற்றத்தைப் பற்றி எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது என்னம்மா?"

"நடந்தது சார்."

"நடந்ததை யாரு கேட்டா? அதுல இருந்து நீ எப்படி வளர்ந்தேன்னுதான் அங்க கேக்கறாங்க. இந்த ஆர்விட் யாரு?"

"அவருக்குத்தான் மாரடைப்பு."

"தூக்கிடு. அது சாக்கு."

"அது ஒரு உயிர் சார்."

"வெளியில உயிர்தான். கட்டுரைக்குள்ள வந்தா சாக்கு. நீ பொறுப்பை ஏத்துக்கறியா, இல்ல பழியை அடுத்தவன் நெஞ்சு மேல போடறியான்னு பார்ப்பாங்க. போன வருஷம் ஒரு பையன், பாவம், வீடு தீப்பிடிச்சு எரியுதுன்னு வேகமா கார் ஓட்டிப் பிடிபட்டான். தீயைப் பத்தி ஒரே ஒரு வரி எழுதினான். போச்சு, அவ்வளவுதான். இப்ப காப்பீடு விக்கறான்."

டாரல் சிவப்புப் பேனாவை எடுத்தார். முதலில் ஆர்விட் போனார். பிறகு வாளி போயிற்று, டிரக் போயிற்று, டுலூத் போயிற்று. வெயிலடித்தது என்ற வரியையும், பழியை இயற்கை மேல் போடுகிறாய் என்று அடித்தார். கடைசியில் மிச்சம் இருந்தது இவ்வளவுதான்: "நான் குடிசையை ஏரியில் விட்டேன். அது என் தவறு. நான் வளர்ந்தேன்."

"இப்ப படிச்சா எனக்கே கண்ணு கலங்குது," என்றார் டாரல்.

அவள் விண்ணப்பித்தது தெற்கே பெரிய நகரத்தில் இருந்த ஒரு மருத்துவக் கல்லூரிக்கு. பெயர் வேண்டாம். அவர்களிடம் டாக்டர்களைவிட வக்கீல்கள் அதிகம். அங்கே 'நற்குண வளர்ச்சிக் குழு' என்று ஒன்று இருந்தது. அந்தக் குழுவிலிருந்து மாரித்துக்குப் பதில் வந்தது. கட்டுரையின் நேர்மை தங்களை நெகிழச் செய்ததாகவும், ஆனால் பாதிக்கப்பட்ட தரப்பிடம் நேரில் மன்னிப்புக் கேட்டதற்கும், அத்தரப்பு அதை ஏற்றுக்கொண்டதற்கும், அரசு அலுவலர் ஒருவரின் சாட்சிக் கையொப்பம் தேவை என்றும் எழுதியிருந்தார்கள். மாரித் போன் போட்டாள்.

"மேடம், பாதிக்கப்பட்ட தரப்புன்னா யாரு? என் குடிசை ஏரியிலதான் முழுகிச்சு."

"அப்ப ஏரிதானே?" என்றது அங்கிருந்த பெண் குரல், இதிலென்ன சந்தேகம் என்பதுபோல.

"ஏரிகிட்டயா மன்னிப்புக் கேக்கணும்?"

"கட்டாயமில்லைங்க. ஆனா கேட்டவங்களுக்குத்தான் அடுத்த கட்டம்."

ஆகவே கோடைக்காலத்தில் ஒரு நல்ல காலைப் பொழுதில் மாரித் ஏரிக்கரையில் போய் நின்றாள். பக்கத்தில் சாட்சிக்கு டுவைட், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு. கொஞ்ச தூரத்தில் படகில் உட்கார்ந்து ஆர்விட் பெர்ச் மீனுக்குத் தூண்டில் போட்டிருந்தார். மாரித் தொண்டையைச் செருமினாள்.

"உனக்கு ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டேன். என்னை மன்னிச்சுக்கோ."

"அட, பரவால்ல புள்ள!" என்று படகிலிருந்து குரல் வந்தது. "என்ன தொந்தரவு?"

"உங்ககிட்ட இல்ல ஆர்விட். ஏரிகிட்ட."

"ஓ. சாரி."

டுவைட் காகிதத்தைப் புரட்டிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "ஏத்துக்கிச்சான்னு ஒரு கட்டம் இருக்கே, மாரித். நான் என்னத்தைப் போட? அலை அடிக்குது. ஆமான்னு எடுத்துக்கலாமா?"

"அது காத்துக்கு அடிக்கறது," என்றார் ஆர்விட். "நாளைக்கு யாராவது கேட்டா மாட்டிக்குவே. மறுப்பு சொல்லலைன்னு எழுதிடு. அதுல பொய் இல்ல."

அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார் டுவைட். ஆர்விட் படகைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்து, மீனை வாளியில் போட்டுவிட்டு, ஏரியைப் பார்த்தபடியே கேட்டார்.

"அந்தக் கட்டுரையில என்னைப் பத்தியும் எழுதினியா?"

"எழுதினேன் ஆர்விட்." அதுவும் பொய்யில்லை. எழுதினாள்தான்.

"ரொம்பப் பெருசா எழுதிடாத. கூச்சமா இருக்கும்."

கட்டுரையிலிருந்து அவரைத் தூக்கிவிட்டதை மாரித் சொல்லிவிடலாமா என்று நினைத்து, வானிலையைப் பற்றி ஏதோ பேசிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

இலையுதிர் காலத்தில் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. நற்குண வளர்ச்சிக் குழு மதிப்பெண் போடும் முறை எப்படியோ வெளியே கசிந்துவிட்டது. குற்றம் செய்து திருந்தியவர்களுக்கு 'வளர்ச்சி' என்ற தலைப்பில் நிறைய மதிப்பெண் உண்டு. குற்றமே செய்யாதவர்களுக்கு அந்த இடத்தில் பூஜ்யம். ஏனென்றால் அவர்கள் எங்கிருந்து வளர்வார்கள்? மாநிலம் முழுக்க நல்ல பிள்ளைகளின் வீடுகளில் சாவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது.

ஒரு சனிக்கிழமை டுவைட் மாரித்தைப் போனில் கூப்பிட்டார். "உங்க ஆளுங்க வந்திருக்காங்க. நீயே வந்து ஒரு வார்த்தை சொல்லு. என்னால முடியல."

ஏரிக்கரையில் திருவிழாக் கூட்டம். முன்னால் கழுத்துப்பட்டை கட்டிய ஒரு பையன் தூண்டிலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்கிட்ட லைசென்ஸ் இல்ல சார்!" என்றான் பெருமையாக.

"தெரியுது தம்பி. ஆனா உன் தூண்டில்ல முள்ளே இல்லையே. முள்ளு இல்லாம தண்ணில கயிறு விட்டா அதுக்கு எந்தச் சட்டமும் இல்ல."

பையனுக்கு உதடு துடித்தது. "மீனுக்கு வலிக்கும்னு முள்ளைக் கழட்டிட்டேன் சார். எனக்கு எல்லாப் பாடத்துலயும் முதல் மதிப்பெண். அனாதை விடுதியில அஞ்சு வருஷமா சேவை. ஒரு குத்தம்கூட இல்லாம நான் எப்படி சார் டாக்டராவேன்?"

அவனுக்குப் பின்னால் நின்ற பெண் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஒரு காகிதக் கோப்பையைப் புல்லில் எறிந்தாள். டுவைட் டிக்கெட் புத்தகத்தைத் திறந்து பேனா மூடியைக் கழற்றுவதற்குள் மனசு கேட்காமல் ஓடிப்போய் அதைப் பொறுக்கிவிட்டாள். மறுபடி எறிந்தாள். மறுபடி ஓடினாள். அவள் அம்மா காருக்குள்ளிருந்து, "விட்டுடுடி! அப்படியே விட்டுடு! உன்னால முடியும்!" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

பெரிய கார் ஒன்றிலிருந்து இறங்கிய அப்பா ஒருவர் டுவைட்டின் தோளில் கைபோட்டுத் தள்ளிக்கொண்டு போனார். டிக்கெட்டைக் கிழிக்கச் சொல்லி லஞ்சம் நீட்டுவதுதான் உலகத்தில் வழக்கம். டிக்கெட் எழுதச் சொல்லி லஞ்சம் நீட்டிய மனிதரை டுவைட் அன்றுதான் பார்த்தார்.

"ஐயா, இதுக்கு நான் உங்களை உள்ள தள்ளலாம். இது பெருங்குத்தம்."

"ஐயையோ, பெருங்குத்தம் வேணாங்க," என்றார் அவர் பதறி. "பையனுக்குச் சின்னதா ஒண்ணு போதும். உள்ள போற மாதிரி வேணாம். மனசை உறுத்தற மாதிரி இருந்தாப் போதும்."

டுவைட் மாரித்தின் பக்கம் திரும்பினார். "கள்ளத்தனமா மான் சுட்டவங்களை விடிய விடியத் துரத்தியிருக்கேன். இப்படி ஒரு கஷ்டத்தை நான் பார்த்ததில்ல. எல்லாரும் வரிசையில நிக்கறாங்க, மாரித். ஒருத்தனும் முந்தல. முந்தினாலாவது அதுக்கு ஏதாவது எழுதலாம்."

பனி விழ ஆரம்பித்ததும் மாரித்துக்கு நேர்காணல் வந்தது. நீண்ட மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் டீன், டாக்டர் ஹாலோவே, வெள்ளி முடி, வெல்வெட் குரல். வலப்பக்கம் அறுவை மருத்துவர் ஓபர்மான். இடப்பக்கம் குழுத் தலைவி கான்ஸ்டன்ஸ் ரீடல். இந்த அம்மாள் வக்கீல். ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுவார், ஆனால் யார் டாக்டராகலாம் என்று முடிவு செய்வது அவர்தான்.

டீன் ஆரம்பித்தார். "பயப்படாதே மாரித். இங்க யாரும் உன்னைக் குத்தவாளியா பார்க்கல. நாங்களும் மனுஷங்கதான். என்னையே எடுத்துக்க. ஒரு கிறிஸ்துமஸ் விருந்து முடிஞ்சு கிளம்பினேன். கொஞ்ச நேரத்துல பார்த்தா கார் நூலகத்து முன்னால இருக்கற நீரூற்றுக்குள்ள நிக்குது. உள்ள நான் இருக்கேன். ஆனா என் வக்கீல் கெட்டிக்காரர். கோர்ட்டுல அந்தப் பதிவையே அழிச்சுட்டார். அழிச்சுட்டா சட்டப்படி அது நடக்கவே இல்ல. நடக்காத ஒண்ணுக்கு நான் எப்படி வருத்தப்படறது? வருத்தப்படணும்னு எனக்கு ஆசைதான். சட்டம் இடம் குடுக்கல. அந்த விதத்துல நீ குடுத்து வச்சவ."

"நன்றி சார்," என்றாள் மாரித். வேறு என்ன சொல்வது?

ஓபர்மான் முன்னால் சாய்ந்தார். "நீ ஏரிகிட்ட சாரி சொன்னதைப் படிச்சேன். எனக்குப் பொறாமையா இருந்துச்சு. போன வருஷம் ஒருத்தருக்கு வலது முழங்காலுக்குப் பதிலா இடது முழங்காலைத் திறந்துட்டேன். அதை நாங்க தப்புன்னு சொல்றதில்ல. 'எதிர்பாராத பக்கத் தேர்வு'ன்னு பேரு. அந்த மனுஷன் என் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. சாரின்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. ஆஸ்பத்திரி வக்கீல் என் காலை மிதிச்சுட்டார். சாரி சொன்னா தப்பு நடந்ததா ஆயிடுமாம். டாக்டருக்கு அந்தச் சொகுசெல்லாம் கிடையாதும்மா. சேரறதுக்கு முன்னாடியே சொல்ல வேண்டிய சாரியெல்லாம் சொல்லி முடிச்சுடணும்."

ரீடல் அம்மாள் கையைக் குவித்து மேசைமேல் வைத்தார். "இப்ப முக்கியமான கேள்வி. நிதானமா பதில் சொல்லு. அதே திங்கட்கிழமை திரும்ப வருது. குடிசை ஏரியில நிக்குது. கெடு முடியப்போகுது. இந்தத் தடவை நீ என்ன செய்வே?"

"மேடம், அன்னிக்கு ஆர்விட்டுக்கு..."

ரீடல் அம்மாள் ஒரு விரலைத் தூக்கினார். விரல்தான். ஆனால் மாரித் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"சாக்கு வருதா?"

மாரித் மேசையைப் பார்த்தாள். வாளிமேல் உட்கார்ந்திருந்த சாம்பல் முகம் ஞாபகம் வந்தது. கூடவே அந்தப் புழுக்கடையும் வந்தது. அடுத்த முறை யாராவது அப்படி உட்கார்ந்தால், டிரக் கிளம்பாமல் போனால், சாலை பனியில் மூடிக் கிடந்தால்? உண்மையைச் சொன்னால் எங்கள் ஊருக்கு டாக்டர் இல்லை. பொய் சொன்னால் உண்டு. அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் எங்கள் ஊரில் கோபத்தை வெளியே காட்டப் பழக்குவதில்லை.

"முதல்ல குடிசையை இழுப்பேன் மேடம்."

"அதுக்கப்புறம்?"

"கரையில சரியா நிறுத்தியிருக்கேனான்னு பார்ப்பேன்."

"வழியில ஏதாவது குறுக்க வந்தா?"

"எது வந்தாலும் குடிசைதான் முதல்ல."

மேசைக்குப் பின்னால் ஒரு பெருமூச்சு எழுந்தது. ஓபர்மான் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். டீன் எழுந்து வந்து கை குலுக்கினார். சில வாரங்களில் சேர்க்கைக் கடிதம் வந்தது. குழுவின் குறிப்பும் இணைத்திருந்தார்கள். நேர்மை என்ற தலைப்பில் மாரித்துக்கு முழு மதிப்பெண். இந்த வருஷம் அதை வாங்கியது அவள் ஒருத்திதானாம். பிறந்ததிலிருந்து அவள் தெரிந்து சொன்ன பொய் அது ஒன்றுதான் என்பது குழுவுக்கு எங்கே தெரியப்போகிறது?

ஆகஸ்டு கடைசியில் புது மாணவர்களுக்கு வெள்ளைக் கோட்டு மாட்டிவிடும் விழா. மாரித்தின் அம்மாவுக்கு உணவகத்தில் விடுப்புக் கிடைக்கவில்லை. ஆர்விட்தான் வந்தார். தன் பழைய டிரக்கில் அத்தனை தூரம் ஓட்டிக்கொண்டு, மனைவியின் சவ அடக்கத்துக்கு வாங்கிய கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, முன்வரிசையில் ஓர் ஓரமாக உட்கார்ந்தார். பக்கத்தில் உட்கார வந்தவர்களிடமெல்லாம் இடத்தை அடைத்துக்கொண்டதற்கு மன்னிப்புக் கேட்டார். மேடையின் பக்கவாட்டில் நின்ற மாரித்துக்குக் கையசைத்தார்.

அந்த விழாவில் ஒரு சம்பிரதாயம் உண்டென்று மாரித்துக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் கோட்டை மாட்டும்போது டீன் அவர்களுடைய 'வளர்ச்சி வாசக'த்தை ஒலிபெருக்கியில் படித்தார். முதலில் காகிதக் கோப்பைப் பெண். "நான் ஒரு கோப்பையை எறிந்தேன். இறுதியில் அதை எடுக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டேன்." பலத்த கைதட்டல். முள்ளில்லாத் தூண்டில் பையனும் எப்படியோ ஒரு குற்றத்தைத் தேற்றி வந்துவிட்டிருந்தான். பொது நூலகத்தில் இரைந்து தும்மினானாம்.

"மாரித் ஹெக்லண்ட்," என்று கூப்பிட்டார் டீன். பின்னால் நின்றவன் மெதுவாகத் தள்ளினான். கோட்டு தோளில் ஏறியது. வெல்வெட் குரல் மண்டபம் முழுக்க நிறைந்தது.

"அந்த நாள் மீண்டும் வந்தால், குறுக்கே எது வந்தாலும் சரி, யார் வந்தாலும் சரி, முதலில் என் குடிசையைத்தான் கரையேற்றுவேன்."

'யார்' என்பதை அவள் சொல்லவில்லை. குழுவினர் அழகுக்காகச் சேர்த்திருந்தார்கள். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. மாரித் முன்வரிசையைப் பார்த்தாள். ஆர்விட்டும் எழுந்து நின்றார். அவரும் கைதட்டினார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தார்.

விழா முடிந்து காபி குடிக்கும் கூடத்தில் அவரைத் தேடிப் பிடித்தாள். ஜன்னலோரம் கோப்பையும் கையுமாக நின்றிருந்தார்.

"காபி நல்லாருக்கு," என்றார்.

"ஆர்விட், அது வந்து..."

"நல்லா படிச்சாரு உங்க டீன். எனக்கு எல்லாம் தெளிவா கேட்டுச்சு."

"உங்களைப் பத்தி எழுதக் கூடாதுன்னுட்டாங்க. நீங்க சாக்காம். எழுதினா இடம் கிடைக்காதுன்னாங்க."

ஆர்விட் வெளியே பார்த்தார். "மழை வரும்போல," என்றார். பிறகு கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தார். "மன்னிச்சுக்கோ புள்ள. உனக்கு எவ்வளவு சங்கடம் என்னால. நான் ஒரு நாள் தள்ளி விழுந்திருக்கலாம். செவ்வாக்கிழமை எனக்கும் ஒரு வேலையும் இல்ல."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் மாரித்தை அறுத்தது.

பின்னாலிருந்து யாரோ "அடடா!" என்றார்கள். டீன். கேக் தட்டோடு நின்றிருந்தார். "கேட்டியா மாரித்? இதுக்குப் பேர்தான் பக்குவம். உடம்பு மேல பழி போடல, விதி மேல பழி போடல. நேரா பொறுப்பை ஏத்துக்கிட்டார் பாரு! இத்தனை வருஷத்துல ஒரு விண்ணப்பத்துலகூட நான் இப்படிப் பார்த்ததில்ல. ஐயா, நீங்க யாரு?"

"நானா?" ஆர்விட் கோட்டுப் பொத்தானைச் சரிசெய்தார். "நான்தாங்க அந்தச் சாக்கு."

டீனுக்கு விளங்கவில்லை. சிரித்து வைத்தார். மாரித் வெள்ளைக் கோட்டின் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"சார், நான் நேர்காணல்ல பொய் சொன்னேன். அன்னிக்கு இவருக்கு மாரடைப்பு. இவரைத் தூக்கிட்டுப் போனதாலதான் குடிசை முழுகிச்சு. அந்த நாள் திரும்ப வந்தா, குடிசை முழுகட்டும், ஏரியே முழுகட்டும், நான் இவரைத்தான் தூக்கிட்டுப் போவேன். நேர்மைக்கு எனக்கு முழு மதிப்பெண் போட்டீங்க, அதுக்காகவாவது சொல்லணும். இப்ப சொல்லிட்டேன். கோட்டை எடுத்துக்கோங்க."

டீனின் சிரிப்பு மறைந்தது. இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். ரீடல் அம்மாள் தூரத்தில் யாரிடமோ பேசிக்கொண்டிருப்பதை உறுதி செய்துகொண்டு, மாரித்தின் முழங்கையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனார். வெல்வெட் எங்கே போயிற்றோ, குரல் கரகரத்தது.

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாதே. எங்கயும் எழுதாதே. இனிமே எந்தக் காகிதத்துல தப்பு செஞ்சதுண்டான்னு கட்டம் வந்தாலும் இல்லைன்னு போடு. புரியுதா?" அவளுடைய காலரைத் தானே நேராக்கி, பொத்தானையும் போட்டுவிட்டார். "நாங்க மட்டும் இங்க வேற எப்படி வந்தோம்னு நினைச்சே?"

தோளில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு, வெல்வெட் குரலை மறுபடி எடுத்துக்கொண்டு, அடுத்த குடும்பத்தை நோக்கிப் போய்விட்டார்.

ஆர்விட் தூணருகே வந்தார். முகத்தில் கவலை. "என்ன புள்ள சொல்றாரு? கோட்டைக் குடுத்துடச் சொல்றாரா?"

"இல்ல ஆர்விட்," என்றாள் மாரித். "இப்பத்தான் நிஜமா சேர்த்துக்கிட்டாங்க."